பட்டையில் ஒரு மச்சம்

தைப்பிங்,
6 ஜூலை 2025

ஆஃப்ஷீன்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நேற்றிலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். உன் குரலைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

புது வீட்டுத் திட்டத்தின் தொடக்க விழாவுக்கு எங்கள் கடையிலிருந்துதான் சாப்பாடு என்று உனக்குத் தெரியும். நானும் உன் மச்சானும் பிரியாணி, கோழி, கறிபாப் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு நேற்று காலையிலேயே பத்து காஜா ஊர்ப் பக்கம் போய்விட்டோம். ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது சிவப்பு மண்ணும், வாங்க வருபவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வீடும், விற்பனைக் கூடமும்தான். நீ தஞ்சோங் மாலிமில் வேறு வேலைக்குப் போய்விட்டாய், வரவில்லை. நான் பெருமையோடுதான் போனேன். "பெரிய திரையில ஓடப் போறது என் தங்கச்சி செஞ்ச படம்லா" என்று, கூடத் தட்டு அடுக்கிய பெண்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்கத் திரை. ஒரு விதை விழுந்தது. வெறும் கோடாக ஒரு மரம் எழுந்தது. பிறகு அந்தக் கோட்டுக்குள் கீழிருந்து மேலாகப் பட்டை நிரம்பிக்கொண்டே வந்தது. மேடு, பள்ளம், சுருக்கம். அடிமரத்தின் நடுவில் மட்டும் வழவழப்பாக ஒரு துண்டு. அதில் கறுப்பாக ஒரு புள்ளி.

என் கையிலிருந்த தட்டு சரிந்துவிட்டது, ஆஃப்ஷீன். எனக்கு அந்தத் துண்டைத் தெரியும். தினமும் குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்க்கிறேன். அது என் இடது தோள். கடை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோன தோள். அந்தத் துண்டு மட்டும்தான் எண்ணெய்க்குத் தப்பியது. அதிலிருப்பது என் பிறவி மச்சம்.

அடுத்து ஒரு கத்தி வந்தது. பால் வெட்டும் கத்தி. சரிவாக ஒரு கோடு இழுத்தது. மச்சத்துக்குச் சற்று மேலே பிளந்தது. வெள்ளையாகப் பால் வடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

உம்மாவுக்குக்கூடக் காட்டாத இடம். மூன்று வருடமாக உன்னைத் தவிர யாருக்கும் நான் காட்டாத இடம். அதை இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கத்தியால் கீறிக் காட்டியிருக்கிறாய்.

ஏன்? அதை மட்டும் சொல். வேறு எதுவும் எழுதாதே.

ஷம்சாத்


ஈப்போ,
6 ஜூலை 2025, மாலை

லாத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

முதல் தடவை படித்தபோது உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கோபப்படாதீர்கள், நினைத்ததை நினைத்தபடியே சொல்கிறேன். மரப்பட்டையைப் பார்த்துத் தோள் என்கிறாரே, பாவம், இன்னும் அந்த விபத்திலிருந்து மீளவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. உங்களைச் சமாதானப்படுத்த அந்தப் படத்தையே அனுப்பிவிடலாம் என்று கணினியைத் திறந்தேன்.

நான் செய்கிற வேலை எப்படி என்றால், முதலில் மரத்தை வெறும் உருவமாக வரைவேன். அட்டையில் மரம் போல ஓட்டை வெட்டி ஒரு போட்டோவின் மேல் வைத்தால் ஓட்டை வழியாக மட்டும் போட்டோ தெரியுமல்லவா? அந்த ஓட்டை வெட்டிய அட்டைக்குத்தான் எங்களிடம் மாஸ்க் என்று பெயர். போட்டோ முழுசாக அடியில்தான் கிடக்கும். மரத்துக்கு வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் மாஸ்க்கை எடுத்தேன். மேலே பூசியிருந்த பழுப்பு நிறத்தையும் எடுத்தேன்.

லாத்தா, திரை முழுக்கத் தோல். மனிதத் தோல். இடது ஓரத்தில் நீங்கள் தோளில் போர்த்தியிருந்த பச்சைப் பூப்போட்ட கைலி. வலது ஓரத்தில் அதன் மறுமுனையை விலக்கிப் பிடித்திருக்கும் ஒரு விரல். அதில் என் மோதிரம். என் விரல், லாத்தா. நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். ஏன் என்பதற்குப் பதிலே இல்லை, எப்படி என்பதற்குத்தான் இருக்கிறது. நீங்கள் என்னோடு ஈப்போவில் இருந்தபோது, ஆறுவதைக் கவனிக்க ஒவ்வொரு வாரமும் போட்டோ அனுப்பச் சொன்னார் அல்லவா நர்ஸ்? முகம் வேண்டாம், காயம் மட்டும் கிட்டத்தில் என்றார். அதே போனில்தான் நான் போகிற இடமெல்லாம் மரப்பட்டை, பாசி பிடித்த சுவர், துருப்பிடித்த தகரம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். போனை மாற்றியபோது எல்லாவற்றையும் ஒன்றாக ஒரே இடத்தில் கொட்டிவிட்டேன். எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். அந்தக் குவியலில் கட்டைவிரல் அளவில் பார்த்து, பழைய மரம் ஒன்று என்று நினைத்து எடுத்தேன். ஓரங்களைப் பார்க்கும் முன்பே மாஸ்க் மறைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் இதைவிட மோசமாக இருக்கும். அந்த மச்சத்தை மரத்தின் கணு என்று நினைத்தேன். அழகாக இருக்கிறதே என்று, அது அடிமரத்தின் நடுவில் வரும்படி போட்டோவை நானேதான் நகர்த்தி வைத்தேன்.

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

ஆஃப்ஷீன்


தைப்பிங்,
8 ஜூலை 2025

ஆஃப்ஷீன்,

நீ வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது என்று சொன்னால் நம்புவாயா? வேண்டுமென்று செய்தவளைத் திட்டிவிட்டுப் போகலாம். நீயோ தெரியவில்லை என்கிறாய். மருந்து தடவியது நீ. தோலுரிந்த இடத்தில் ஊதிவிட்டது நீ. அதே தோளை வாரக்கணக்கில் திரையில் வைத்து, பெரிதாக்கி, சிறிதாக்கி, நிறம் பூசி, நகர்த்தி, கத்தியால் வெட்டி... ஒரு தடவைகூட இது லாத்தா என்று தோன்றவில்லையா? உன் கடிதத்தை உன் மச்சான் கடைக்குப் போன பிறகு எடுத்து எடுத்துப் படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த மோதிர விரலில் வந்து நின்றுவிடுகிறேன்.

அன்று நடந்ததில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மீதியையும் கேள்.

படம் முடிந்ததும் அந்த மரத்தை மட்டும் திரையில் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். தோட்டத்தில் வேலை பார்த்தவர்களையும் விழாவுக்கு அழைத்திருந்தார்கள். பிச்சைமுத்து என்று ஒருவர், பெயரை மைக்கில் சொன்னார்கள். அவர் எழுந்து நேராகத் திரைக்குப் போனார். "நம்ம பால்மரம்லா இது" என்றார். கையை விரித்துப் பட்டையின் மேல் வைத்தார். மேலிருந்து கீழாகத் தடவினார். ஒரு தடவை இல்லை. மனிதர் கண்ணில் தண்ணீர். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஓர் ஆண் ஊருக்கு நடுவில் என் தோளைத் தடவிக்கொண்டிருந்தார், நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோள் சிலிர்த்தது, ஆஃப்ஷீன். துணிக்குள்ளே, உண்மையாகவே.

உன் மச்சான் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஷம்சு, சட்னி தீந்துபோச்சு, வேன்ல இன்னொரு டப்பா இருக்கு, போய் எடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். தெரிய வேண்டாம். நான் காட்டியதே இல்லை, அவரும் கேட்டதே இல்லை. கட்டின புருஷனுக்கே தெரியாமல் இருப்பது ஒருவகையில் நல்லதுதான் என்று வேனுக்குப் பின்னால் நின்று நினைத்தேன். நினைத்துவிட்டு அழுதேன்.

அந்தப் படத்தை மாற்று. உடனே. யார் தோள் என்று ஒருவரிடமும் சொல்லாதே.

ஷம்சாத்


ஈப்போ,
9 ஜூலை 2025

லாத்தா,

மாற்றிவிட்டேன். மரத்தை மறுபடி வரையத் தேவையில்லை. மாஸ்க் அப்படியே இருக்க, அதற்குள் இருக்கும் போட்டோவை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைத்தால் எல்லாக் காட்சியிலும் மரம் ஒரே நேரத்தில் மாறிவிடும். இவ்வளவு சுலபமான வேலைதான் அது. கம்பார் பக்கம் இன்னும் வெட்டாமல் நிற்கும் ரப்பர் மரங்களைத் தேடிப் போய், என் கையால் தொட்டுப் பார்த்து, பிறகுதான் போட்டோ எடுத்தேன்.

இன்று காலை அந்த விற்பனைக் கூடத்துக்கு நானே போய்ப் புதிய படத்தைப் போட்டுவிட்டுப் பழையதை அழித்தேன். அங்கிருந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை, நிறம் சரியில்லை என்று மட்டும் நான் சொன்னேன். நிம்மதியாக வெளியே வரும்போது வரவேற்பு மேசையில் ஒரு விளம்பரப் பலகையின் மாதிரித் தாளைப் பார்த்தேன், விசாரித்தேன். லாத்தா, இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

விழாவில் எல்லாருக்கும் அந்த மரம் பிடித்துவிட்டதாம். பிச்சைமுத்து ஐயா தடவுகிற வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறதாம். அதனால் படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் பெரிய விளம்பரப் பலகையாக அடித்திருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஸ்டூடியோ முதலாளி தர்மா அண்ணன் நேரடியாகக் கொடுத்துவிட்டார். மரத்தின் உருவம்கூட இல்லை, பட்டை மட்டும். பலகை முழுக்க. நடுவில் மச்சம், மேலே கத்தி.

கோலகங்சார் ரோட்டில் நேற்றே ஏற்றிவிட்டார்களாம். அந்த வழியாக வராதீர்கள். நான் எப்படியாவது இறக்குகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், வராதீர்கள்.

ஆஃப்ஷீன்


தைப்பிங்,
11 ஜூலை 2025

ஆஃப்ஷீன்,

உன் கடிதத்தை நான் திறப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன்.

நேற்று சாமான் வாங்க ஈப்போ வந்தோம். நான் முன் இருக்கையில் உட்கார்ந்து வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கோலகங்சார் ரோட்டில் சிக்னலுக்குச் சற்று முன்னால் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பலகை வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் உன் மச்சான் திடீரென்று சிக்னல் போட்டு வண்டியை வலப்பக்கம் திருப்பினார். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.

"ஏன் திரும்புறீங்க? கடை நேரா போகணும்ல?" என்றேன்.

"அந்த வழியா வேணாம்."

"ஏன் வேணாம்?"

ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை விடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"நீ பாத்துட்டியா?" என்றார்.

"எத?"

"அதான்... அந்த போர்டு."

அவரே சொன்னார். "ஹால்லயே பாத்தேன் ஷம்சு. சட்னி ஒண்ணும் தீரல. அந்தப் பெரியவரு கைய வெச்சதும் எனக்குத் தாங்கல. நீ பாக்கக் கூடாதுன்னுதான் வெளிய அனுப்பினேன்."

திரையில் என் தோளைப் பார்த்த அதிர்ச்சியைவிட இது பெரிது. "உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் காட்டினதே இல்லையே," என்று மட்டும் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில நீ மருந்து மயக்கத்துல கிடந்த. கட்டு மாத்தும்போதெல்லாம் தோள தூக்கிப் பிடிச்சது நான்தான். நர்ஸ் அந்த மச்சத்தக் காட்டி, இந்த எடம் தப்பிச்சிருச்சு, நல்லா வந்துரும்னாங்க. தினமும் அதத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். என் கடை அடுப்புலதான வெந்த நீ."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"வீட்டுக்கு வந்ததும் நீ இழுத்து மூடிக்கிட்ட. நான் பாக்கறது உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். சரி, தொந்தரவு பண்ண வேணாம்னு..."

மூன்று வருடம், ஆஃப்ஷீன். பார்க்கப் பிடிக்காமல்தான் கேட்காமல் இருக்கிறார் என்று நானும், காட்டப் பிடிக்காமல்தான் மூடுகிறேன் என்று அவரும். ஒரே வீட்டில். அந்த விழாவில் ஆளுக்கொரு தட்டோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, இவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே, இவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று பதறியிருக்கிறோம்.

பிறகு நானே வண்டியைத் திருப்பச் சொன்னேன். பலகைக்குக் கீழே நிறுத்தி, இறங்கி, அண்ணாந்து நன்றாகப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அசிங்கமாக இல்லை. இதையும் உனக்குச் சொல்ல வேண்டும் அல்லவா, மரப்பட்டையாகப் பார்த்தால் அழகாகக்கூட இருக்கிறது. ஆனாலும் அது அங்கே இருக்கக் கூடாது. என்னைக் கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேன். அதனால் இறக்கு. வேறு காரணம் வேண்டியதில்லை.

உன் மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் சொல்கிறேன்.

ஷம்சாத்


ஈப்போ,
16 ஜூலை 2025

லாத்தா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துவிட்டு, கழிப்பறைக்குள் போய் நின்றேன். மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பலகை விஷயத்தைச் சொல்கிறேன். முதலில் அந்த வீடுகளைக் கட்டும் நிறுவனத்து ஆட்களிடம், அந்தப் போட்டோ நம்முடையதில்லை, உரியவர் சம்மதம் தரவில்லை, இறக்கிவிடுங்கள் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். "மரம்தானே, அது நிக்கிற நிலம் யாரோடதுன்னு சொல்லு, பேசி வாங்கிடலாம்," என்றார்கள்.

தர்மா அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னம்மா ஆச்சு உனக்கு? நல்ல கஸ்டமர்லா, இப்படிப் பேசினா ஓடிருவாங்க. எந்த மரம்னு சொல்லேன்," என்றார்.

"அண்ணே, அது மரம் இல்லண்ணே," என்றேன்.

"பின்ன?"

"ஆளு."

அவர் கோப்பியை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். யார் என்று நான் சொல்லவே இல்லை. அவர் எழுந்துபோய்த் தன் கணினியில் அந்தக் காட்சியைத் திறந்தார். ஓடவிட்டார். கத்தி வந்ததும் நிறுத்திவிட்டார். "இந்த வெட்டு நான் சொல்லித்தான போட்ட? இன்னும் ஆழமாத் தெரியணும்னு நான்தான சொன்னேன்?" என்றார். கணினியை அணைத்துவிட்டு, "வீட்டுக்குப் போ," என்றார்.

நான் வீட்டுக்கு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஒருவருடைய உடம்பின் படம் அவர் அனுமதி இல்லாமல் பலகையில் இருக்கிறது, தவறு முழுக்க என்னுடையது என்று என் பெயரிலேயே நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தங்கள் வக்கீலைக் கேட்டிருப்பார்கள் போல. சனிக்கிழமை காலை இறக்குகிறார்கள். அடுத்த வீட்டுத் திட்டத்துக்கு எங்கள் ஸ்டூடியோ வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். தர்மா அண்ணன் என்னைக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் உட்கார்ந்து பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். எதையும் சின்னதாகப் பார்ப்பதில்லை. திரை முழுக்க விரித்து, ஓரம் வரை பார்த்து, இது சுவர், இது தகரம், இது மரம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் போட்டோக்கள் வரும்போது அப்படியே நின்றுவிடுகிறேன். அவற்றை அழிக்கட்டுமா, உங்களுக்கு அனுப்பட்டுமா? உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்.

ஆஃப்ஷீன்


தைப்பிங்,
20 ஜூலை 2025

அன்புள்ள ஆஃப்ஷீன்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போட்டோக்களை அனுப்பு. அனுப்பிவிட்டு உன்னிடமிருப்பதை அழித்துவிடு. உன் மச்சானுக்குப் பார்க்க வேண்டுமாம். நானும் அவரும் சேர்ந்து பார்ப்போம். பதில் என்ன சொல்வது என்று கேட்டாயே, அவர் உன்னைத் திட்டவில்லை. "அந்தப் புள்ள அன்னைக்கு உன்னப் பாத்துக்கலன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்," என்றார். எனக்குத்தான் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. நான் இன்னும் திட்ட வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கிறது. வேலை இல்லாமல் ஈப்போவில் தனியாக என்ன செய்கிறாய்? இங்கே வா. நேரிலேயே திட்டுகிறேன்.

நேற்று காலை இறக்குவதைப் பார்க்க இருவரும் போயிருந்தோம். நான் வேனிலேயே இருந்தேன். இரண்டு ஆட்கள் மேலே ஏறிக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். ஒரு பக்கம் விட்டதும் துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு மொத்தமாகச் சரிந்து புல்லின் மேல் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது உன் மச்சான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஆட்கள் அதைச் சுருட்டி லாரியில் போடப் போனார்கள். பழைய விளம்பரத் துணி என்னவாகும் என்று உனக்குத் தெரியுமல்லவா? கெட்டியான துணி, மழை தாங்கும். பழக்கடைக்குக் கூரையாகும், லாரியில் மணலை மூடும். அதை நினைத்ததும் நான் வேன் கண்ணாடியை இறக்கினேன். உன் மச்சான் அதை எப்போது நினைத்தாரோ தெரியாது. அவர்களைத் தடுத்து, தனக்கு வேண்டும் என்றார். அவர்களில் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, இவ்வளவு பெரியது உனக்கு எதற்கு பாஸ் என்று மலாய் மொழியில் கேட்டான்.

"பினி பூன்யா," என்றார் இவர். என் பொஞ்சாதியோடது.

அவனுக்கு என்ன புரிந்ததோ. கடைக்குப் பின்னால் எதையோ மூடிவைக்க மனைவி கேட்டிருப்பாள் என்று நினைத்திருக்கலாம். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். உன் மச்சான் குனிந்து, பட்டைப் பக்கம் உள்ளே போகும்படி ஒரு ஓரத்தைத் தூக்கினார். தனி ஆளால் மடிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிது.

நான் வேனிலிருந்து இறங்கிப் போய் மறுமுனையைப் பிடித்தேன்.

ஷம்சாத்